நான்கு தாள் சேர்ந்தது, கோடு சேரவில்லை

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வடிவமைப்பும் கைவேலையும் எடுக்கிறேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் மாதிரி டிசைன் வரையச் சொன்னேன். ஆளுக்கு ஒரு 10 செ.மீ. சதுரத் தாள். தனித்தனியே பார்த்தால் எல்லாம் அழகு. நான்கைச் சேர்த்து வைத்தால் கொடி பாதியில் அறுந்து நின்றது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. கல் தனியாக இருப்பதில்லை, தரையாகத்தான் இருக்கிறது என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அடுத்த வகுப்பில் ஒரே விதி வைத்தேன். ஒவ்வொரு விளிம்பிலும் இரு மூலையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொரு புள்ளி, ஆக இரண்டு. கோடு அந்த இரண்டு புள்ளிகளிலும் விளிம்பைத் தொட வேண்டும், வேறெங்கும் தொடக் கூடாது. அப்புறம் தாளை எப்படித் திருப்பி வைத்தாலும் கோடு சேர்ந்தது. யார் தாளும் யார் தாளோடும் பொருந்தியது! ஸ்கேலில் 0-க்குப் பதில் 1-லிருந்து அளந்த இரண்டு பேருக்கு மட்டும் கோடு சேரவில்லை. அதைப் பார்த்தபின் அளவைப் பற்றி நான் தனியாகப் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

பிறகு ஆத்தங்குடிப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து நிறக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்தார்கள். கல்லின் முகம் கீழே, கண்ணாடி மேல் இருக்கிறது. பளபளப்பு அந்தக் கண்ணாடியால்தான்.

"அப்போ டிசைன் இடம் வலம் மாறி வருமே மிஸ்?" என்றாள் ஒருத்தி. மறுநாளே, வரைந்த தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் பயிற்சியைச் சேர்த்துவிட்டேன்.