ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டை எங்கிருந்து தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில்தான் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) முழுவதையும் படித்தேன். "சித்தி, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று அக்கா மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் அனிமே, அதாவது இந்தக் கதையை வைத்து எடுத்த ஜப்பானிய கார்ட்டூன் தொடர். 2001-இல் வந்த 26 எபிசோடுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அப்போது மாங்காவே முடியவில்லை, அதனால் கதை பாதியோடு நிற்கும். 2019 முதல் 2021 வரை வந்த 63 எபிசோடுகள் முடிவு வரை போகும். 2022-இல் வந்த ப்ரெலூட் படத்தில் கதாநாயகி தோருவின் அம்மா கியோகோவின் கதை இருக்கிறது. அதைக் கடைசியில் பாருங்கள்.

அப்புறம் மாங்கா. நட்சுகி தகாயா எழுதி வரைந்தது, 23 தொகுதிகள். பின்அட்டை என்று நாம் நினைக்கும் பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். வலது மேல் மூலையில் தொடங்கி இடப்பக்கம், பிறகு கீழ்வரிசை. பேச்சுக் குமிழிகளும் அப்படித்தான். கேள்விக்கு முன்னால் பதில் வந்தால், மாற்றிப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சோமா குடும்பத்துச் சாபம், கட்டிப்பிடித்தால் அந்தக் குடும்பத்தினர் சிலர் எலியாகவும் பூனையாகவும் மாறுவது எல்லாம் தானாகவே புரிந்துவிடும். ஆனால் தோரு சோற்றுருண்டையைப் பற்றி அந்தக் குடும்பத்துக் கியோவிடம் பேசும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒருவருடைய நல்ல குணம் உருண்டையின் முதுகில் ஒட்டிய ஊறுகாய்ப் பழம் மாதிரி என்கிறாள். அடுத்தவர் முதுகில் இருப்பது தெரியும், நம் முதுகில் இருப்பது நமக்குத் தெரியாது. அதைப் படித்த அன்றைக்குக் கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்று கிளம்பியதுகூட எனக்குத் தெரியவில்லை.