எஞ்சின் மாற்றிய பழைய வண்டிக்கு ஈசியூ பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களிலும் பழைய ஜிப்சி, அம்பாசடர், கான்டெசா வண்டிகளைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சின் தேய்ந்ததும் வேறோர் எஞ்சினை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் பற்றவைப்பையும் எஞ்சினை இயக்கும் சிறு கணினியான ஈசியூவிடம் (ECU) ஒப்படைக்கிறார்கள். 1985-இல் வந்த 970 சிசி ஜிப்சியில் மாருதி எஸ்டீம் காரின் 1298 சிசி எஞ்சினை ஏற்றுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈசியூ தானாக எதையும் அறிவதில்லை. சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தத்தை நம்பித்தான் ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறது. அந்தத் தகவல் பொய்யாக இருக்கையில் லேப்டாப்பைத் திறந்து எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று ஈசியூவுக்குச் சொல்லும் எரிபொருள் அட்டவணையைத் திருத்தத் தொடங்குவதுதான், என் பார்வையில், எல்லாத் தவறுகளிலும் பெரியது.

பொய்த் தகவலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் எர்த். முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய பாடியில் துருவும் பெயின்ட்டும் படிந்த ஒரு போல்ட்டில், பம்ப், விசிறி, சென்சார் என எல்லாவற்றின் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். சென்சார்களின் எர்த் ஒயர் ஈசியூவில் அதற்கென உள்ள முனைக்கே நேராகப் போக வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரில் 90 டிகிரிக்கான மின்னழுத்தம் பல ஈசியூக்களில் அரை வோல்ட்டுக்கும் குறைவு என்பதால், எர்த்தில் 0.1 வோல்ட் பிசகினால்கூட எஞ்சின் உண்மையைவிடப் பல டிகிரி குளிர்ந்திருப்பதாக ஈசியூ எண்ணி, பெட்ரோலைக் கூட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கும் கணத்தில் திரையில் வெப்பநிலை எண் சட்டெனக் குதிக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரின் சூடு ஒரு நொடியில் அப்படி மாறாது. குதித்தால் குற்றம் எர்த்தில்தான். அதோடு, செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடித்த புதிய எர்த் கேபிளைப் போட்ட பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி விழ வேண்டும் என்ற கணக்கு. எஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது என்பதை ஈசியூவுக்குச் சொல்லும் பல் சக்கரமான கிராங்க் சக்கரத்தில் 36 பல் இடத்தில் ஒன்று குறைந்த அமைப்பு என்றால், ஒரு பல்லுக்கு 10 டிகிரி. 60-இல் இரண்டு குறைந்த அமைப்பு என்றால் 6 டிகிரி. லேத் பட்டறையில் கடைந்த சக்கரத்தைப் பொருத்தும்போது ஒரு பல் கணக்குத் தவறினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் வேகத்திலும் அணையாமல் நிற்கலாம். ஆனால் திரையில் 10 டிகிரி என்று இருக்கையில் உண்மையில் 20 டிகிரியில் தீப்பொறி விழுந்துகொண்டிருக்கும். ஏற்காடு சாலையில் மூன்றாவது கியரில் மூச்சுமுட்ட ஏறும் எஞ்சினில் அது நாக்கிங்காக, அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தமாக வெளிப்பட்டு, பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆகவே மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை அடித்து, ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் குறி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வேகம் கூடக்கூடக் குறி நகர்ந்தால், காந்தச் சுருள் வகை கிராங்க் சென்சாரின் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை முதலில் சோதியுங்கள்.

எஞ்சினோடு வந்த பழைய ஈசியூவையே பயன்படுத்துவோர், வயரிங்கை வெட்டாமல் முழுதாக வாங்குவது நல்லது. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள மாடல் என்றால் அதற்குரிய சாவி இல்லாமல் எஞ்சின் உயிர் பெறாது. இன்னொன்று, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனவே எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல் பாதையில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தம்கூடத் தேவையில்லை. இன்ஜெக்டர்களுக்குப் பொதுவாக 3 பார் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் விரைவாக இற்றுப்போகும். டேங்கையும் மறந்துவிடக் கூடாது. பழைய டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது கொண்டை ஊசி வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டரின் மிதவை அறையில் இருந்த இருப்பு இதை வெளியே தெரியாமல் மறைத்து வந்தது. இன்ஜெக்ஷனில் எஞ்சின் உடனே தடுமாறும். தடுப்புத் தகடு உள்ள டேங்க் அல்லது நடுவில் ஒரு சிறு சேமிப்புக் கலன் இருந்தால் இந்தத் தொல்லை தீரும்.

இங்குள்ளவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டியது உயரத்தில். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கலிலிருந்து 85-க்கு இறங்குகிறது. த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்துப் பெட்ரோலைக் கணக்கிடும் முறையில் ஈசியூவை அமைத்து, சேலத்தின் ஐந்து ரோட்டிலும் பைபாஸிலும் ஓட்டி டியூன் செய்துவிட்டால், மலை உச்சியில் கலவையில் பெட்ரோல் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடிக் கறும்புகை தள்ளும். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் முறையில் இந்தப் பிழை மிகவும் குறையும். ஆனாலும் வெளிக்காற்றழுத்தத்தை, சாவி போட்டதும் எஞ்சின் சுழலும் முன் ஒரே ஒரு முறை மட்டும் அளந்து வைத்துக்கொள்ளும் ஈசியூக்கள் பல உண்டு. அடிவாரத்தில் ஸ்டார்ட் செய்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நிறுத்தாமல் ஏறினால், ஏற்காடு ஏரிக்கரை வந்த பிறகும் அது அடிவாரத்துக் காற்றையே கணக்கில் வைத்திருக்கும். இதற்காகத் தனியாக ஒரு காற்றழுத்த சென்சாரைப் பொருத்துவது, மலைக்கு அடிக்கடி போகும் வண்டிக்கு வீண் செலவல்ல. ஏற்றத்தில் மெதுவாகப் போகையில் கொதிக்கும் மேனிஃபோல்டில் பதித்த காற்று வெப்ப சென்சாரும் உள்ளே வரும் காற்றை மிகச் சூடாகக் காட்டி, பெட்ரோலைத் தேவைக்குக் கீழே குறைத்துவிடும்; ஃபில்டருக்கு அருகில், குளிர்ந்த காற்று வரும் குழாயில் அதை வைக்க வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில் அமைப்புப் பிழை அதிக ஆபத்தானது. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. அதை மறுபடி விடத் தொடங்கும் எஞ்சின் சுழற்சி வேகத்தை ஐடிலுக்கு மிக அருகில் வைத்திருந்தால், வளைவில் கிளட்ச்சை மிதித்த கணத்தில் எஞ்சின் அணைந்துவிடும். அப்போது பிரேக் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரண்டு மிதிகளுக்குத்தான் உதவும். ஐடில் 850 ஆர்பிஎம் என்றால், பெட்ரோல் திரும்பி வரும் வேகத்தை 1400, 1500 என்ற அளவில் தொடங்கி, விசிறியும் விளக்கும் ஏசியும் ஓடும் நிலையில் சமதளச் சாலையில் பலமுறை கிளட்ச்சை மிதித்து எஞ்சின் அணையாமல் நிற்பதை உறுதி செய்த பிறகே வண்டியை மலைக்குக் கொண்டு செல்லுங்கள்.