ஒரு சமன்பாடு மற்றவற்றில் அடங்கியிருக்கிறதா? கண்டுபிடிக்கும் வழி

க, ச, த என்ற மூன்று மாறிகளுக்கு இரண்டே சமன்பாடுகள் உள்ளன:

(1) க + ச + த = 6
(2) 2க − ச + த = 3

மூன்றின் மதிப்பையும் தனித்தனியாக இதிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் 5க − ச + 3த எவ்வளவு என்று கேட்டால், 12 என்று அடித்துச் சொல்லலாம். (2)-ஐ 2-ஆல் பெருக்கி (1)-உடன் கூட்டினால் அதுதான் வரும். இப்படிச் சமன்பாடுகளை எண்களால் பெருக்கிக் கூட்டுவது நேரியல் சேர்க்கை. (1), (2) இரண்டையும் நிறைவு செய்யும் தீர்வு எதுவானாலும் அவற்றின் சேர்க்கையையும் நிறைவு செய்தே ஆக வேண்டும். எனவே அந்தச் சேர்க்கை ஒரு விளைவுச் சமன்பாடு.

இனி மறுபக்கத்திலிருந்து வருவோம். 4க + ச + 3த = 15 என்று ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, இது (1), (2)-இன் விளைவா என்று கேட்கிறார்கள். (1)-இன் பெருக்கி ப, (2)-இன் பெருக்கி ம என்று வைத்து, ஒவ்வொரு மாறியின் கெழுவையும் ஒப்பிடுங்கள்:

க: ப + 2ம = 4
ச: ப − ம = 1
த: ப + ம = 3

முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 3ம = 3. ஆக ம = 1, ப = 2. வேலை இத்துடன் முடியவில்லை. மூன்றாவது வரி இன்னும் பயன்படவில்லை, அதைச் சரிபார்க்க வேண்டும்: 2 + 1 = 3, பொருந்துகிறது. அடுத்து வலப்பக்கம்: 6×2 + 3×1 = 15, அதுவும் பொருந்துகிறது. கொடுத்த சமன்பாடு விளைவுதான். புதிதாக எதையும் அது சொல்லவில்லை.

இடப்பக்கம் பொருந்தி வலப்பக்கம் மட்டும் பொருந்தாமல் போகலாம். 15-க்குப் பதில் 14 இருந்தால் அப்படித்தான். அப்போது புதிய சமன்பாடு (1), (2)-உடன் முரண்படுகிறது. மூன்றுக்கும் பொதுத் தீர்வு கிடையாது. இடப்பக்கமே பொருந்தாவிட்டால், எடுத்துக்காட்டாக 4க + ச + 2த = 12, அது சார்பற்ற சமன்பாடு; இருக்கும் தீர்வுகளில் சிலவற்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை வெட்டும்.

இந்தக் கடைசி வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். (1, 2, 3) என்பது (1), (2)-க்குத் தீர்வு. 4க + ச + 2த-இல் போட்டால் சரியாக 12 வருகிறது. உடனே ‘விளைவுதான்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் (3, 3, 0)-உம் தீர்வுதான். அதைப் போட்டால் 15 வருகிறது. ஒரு தீர்வு பொருந்தினால் எதுவும் நிரூபணமாகாது. தீர்வுகளைப் போட்டே சோதிக்க விரும்பினால் எத்தனை வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு: மாறிகளின் எண்ணிக்கையிலிருந்து அணித்தரத்தை (ஒன்றையொன்று சாராத சமன்பாடுகளின் எண்ணிக்கையை) கழித்து 1 கூட்டுங்கள். இங்கே 3 − 2 + 1 = 2. தீர்வுகள் ஒரு நேர்கோட்டில் அமைவதால், வெவ்வேறான இரண்டு புள்ளிகள் போதும். தீர்வுகள் ஒரு தளம் முழுவதும் பரவியிருந்தால், ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் தேவை.

சமன்பாடுகள் அதிகமானால் பெருக்கிகளைத் தனியாகத் தேட வேண்டாம். ஒரு சமன்பாட்டின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்குவது காஸ் நீக்கல் முறை. அதைச் செய்யும்போதே ஒவ்வொரு நிரைக்கும் (சமன்பாட்டு வரிக்கும்) பக்கத்தில் அது எதிலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். (3) 4க + ச + 3த = 14 என்று வைத்தால்:

−3ச − த = −9 … (2) − 2(1)
−3ச − த = −10 … (3) − 4(1)
0 = −1 … (3) − 2(1) − (2)

கடைசிக் குறிப்பே முரண்பாட்டின் சான்று. நீக்கல் முழுவதையும் திரும்பச் செய்யாமல், மூலச் சமன்பாடுகளில் அந்தப் பெருக்கிகளைப் போட்டு ஒரே வரியில் யாரும் சரிபார்க்கலாம்: 14 − 12 − 3 = −1. கடைசி நிரை 0 = 0 என்று வந்திருந்தால், எந்தச் சமன்பாடு உபரி என்பதை அதே குறிப்பு காட்டியிருக்கும்.

நீக்கலில் அடிக்கடி நேரும் தவறு, இரண்டு நிரைகளை ஒரே நேரத்தில் மாற்றுவது. (1)-இன் இடத்தில் (1) − (2), (2)-இன் இடத்தில் (2) − (1) என்று எழுதினால் கிடைப்பவை:

−க + 2ச = 3
க − 2ச = −3

இரண்டும் ஒன்றே. இரண்டுமே நியாயமான விளைவுகள்தான். ஆனால் அவற்றிலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. (−3, 0, 0) இவற்றுக்குப் பொருந்துகிறது, (1)-க்குப் பொருந்தவில்லை. ஒரு படியில் ஒரு நிரையை மட்டும் மாற்றுங்கள். கழிக்கப் பயன்படுத்திய நிரை அப்படியே நிற்கட்டும். அடுத்த படியில் பழைய நிரையை எடுக்காமல், மாறிய நிரையையே எடுங்கள். நிரையை எண்ணால் பெருக்கும்போது அந்த எண் 0 ஆகக் கூடாது. கெழுவில் தெரியாத எழுத்து இருந்து அதனால் பெருக்கினால், அது 0 ஆகும் நிலையைத் தனியே பாருங்கள்.

விளைவுச் சமன்பாடு எல்லாமே நேரியல் சேர்க்கையாகத்தான் இருக்குமா? நேரியல் சமன்பாடுகளின் தொகுப்புக்கு ஒரு தீர்வாவது இருந்தால், ஆம். தீர்வே இல்லாவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. க + ச = 1, க + ச = 2 என்ற தொகுப்பில் மீறிக் காட்டத் தீர்வே இல்லாததால், தருக்கப்படி எந்தச் சமன்பாடும் அதன் விளைவுதான்; க = 5 கூட. ஆனால் எந்தப் பெருக்கியைப் போட்டாலும் க, ச இரண்டின் கெழுவும் சமமாகவே வரும் என்பதால் க = 5 சேர்க்கையாகக் கிடைக்காது. ஆகவே பெருக்கிகள் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ‘விளைவு அல்ல’ என்று முடிவு எழுதுவதற்கு முன், தொகுப்பு ஒருங்கமைவு உடையதா, அதாவது அதற்கு ஒரு தீர்வாவது உண்டா என்று பாருங்கள்.