சிங்கப்பூர் மரினா பே: நிற்கும் இடத்தை மாற்றியதும் படம் தேறியது

மூன்று கோபுர ஹோட்டலான மரினா பே சாண்ட்ஸின் 57ஆம் மாடியில் ஏறி எடுத்த படங்கள் சப்பென்று இருந்தன. காரணம் எளிது: எந்தக் கட்டடத்தால் அந்த ஊரை அடையாளம் காண்கிறோமோ, அதன் மேலேயே நின்றால் அது படத்தில் வராது. கீழே, தண்ணீருக்கு எதிர்க்கரையில் நிற்க வேண்டும்.

அடுத்து திசை. மெர்லயன் பூங்காவிலிருந்து பார்த்தால் சாண்ட்ஸ் கிழக்கே இருக்கிறது. மாலை வெயில் அதன் முகத்தில் விழும். காலையில் அங்கே நின்றால் கட்டடம் கருநிழலாகிவிடும். வங்கிக் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் மறைவது வேண்டுமானால் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி சாண்ட்ஸ் பக்கக் கரைக்குப் போங்கள். அங்கே 24 முதல் 35 மி.மீ. லென்ஸ் போதும். மரினா பாரேஜ் என்ற அணையின் புல்வெளிக் கூரை தள்ளி இருப்பதால் 70 மி.மீ.க்கு மேல் தேவை. கூட்டமில்லாத, இலவசமான இடம். எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

ஹீலிக்ஸ் நடைபாலத்தில் முக்காலி வைத்தால் படம் மங்கும். ஆட்கள் ஓடும்போது தளமே அதிர்கிறது. நான்கு நொடி எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்) தாங்காது. எஸ்பிளனேட் கலையரங்கின் முன்னுள்ள கரைப் படிகளுக்கு நகர்ந்ததும் கூர்மை வந்துவிட்டது. அங்கே ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 4 முதல் 8 நொடி, 2 நொடி டைமர். முக்காலியில் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள்.

பூமத்திய ரேகைக்கு அருகே அந்தி நீளாது. சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு மறையும். அதன் பிறகு நீல வானம் இருபது நிமிடம்தான். 6:30க்கே இடம் பிடித்துவிடுங்கள்.