பிஸியான டேட்டாபேஸுக்கு சர்வர் வாங்கப் போகிறீர்களா?

தீபாவளி வாரம். புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் எல்லா கவுன்ட்டரிலும் ஒரே நேரத்தில் பில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சேவ்’ அழுத்தினால் திரை அப்படியே நிற்கிறது. “பெரிய பிராசஸரா பார்த்து வாங்கிடலாமா தம்பி?” என்பார் முதலாளி. உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

படி 1: எது திணறுகிறது என்று பாருங்கள்

கூட்ட நேரத்திலேயே லினக்ஸில் ‘டாப்’ (top) கட்டளையை ஓட்டுங்கள். மேலே ‘டபிள்யூஏ’ (wa) என்ற எண் ஏறிக்கொண்டே போனால், பிராசஸர் வேலையில்லாமல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. அந்த நிலையில் புது பிராசஸர் வாங்குவது வீண் செலவு.

படி 2: ராம்

டேட்டாபேஸ் மொத்தமும் ராமில் அடங்க வேண்டியதில்லை. தினமும் புழங்கும் பகுதி, அதாவது ஸ்டாக், இந்த வருஷத்து பில்கள், அடங்கினால் போதும். தன்னில் வரும் சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ராமாகவே வாங்குங்கள். உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல் என்றால் பஃபர் பூல், அதாவது டேட்டாவுக்காக அது ராமில் ஒதுக்கும் இடத்தின், அளவைக் கட்டாயம் கூட்டுங்கள். வரும்போது அது வெறும் 128 எம்பிதான்.

படி 3: டிஸ்க்

என்னைக் கேட்டால் பணத்தை இங்கேதான் போட வேண்டும். ஒவ்வொரு பில்லும் கமிட் ஆகும்போது, அதாவது நிரந்தரமாகப் பதியும்போது, அதன் லாக் (மாற்றங்களின் குறிப்பு) டிஸ்க்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் டேட்டாபேஸ் ‘சரி’ சொல்லும். 7,200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லி செகண்ட் ஆகிறது. கவுன்ட்டரில் திரை நிற்பது இதனால்தான்.

அதற்காக மலிவான டெஸ்க்டாப் எஸ்எஸ்டியும் வேண்டாம். ‘பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்’ உள்ள சர்வர் எஸ்எஸ்டியாகக் கேளுங்கள். அதன் போர்டில் கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போன நொடியில் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருப்பதை எழுதி முடிக்க அவற்றில் தேங்கிய மின்சாரம் போதும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த ஊர்ப்பக்கம் இது. யூபிஎஸ்ஸும் வேண்டும்தான், ஆனால் சர்வருக்குள் பவர் சப்ளையே போய்விட்டால் அது என்ன செய்யும்?

இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸோடு ‘பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்’ (pg_test_fsync) என்ற கருவி வரும். டிஸ்க்கில் நொடிக்கு எத்தனை முறை பத்திரமாக எழுத முடிகிறது என்று அது காட்டும். வாங்கிய டிஸ்க்கில் ஓட்டிப் பாருங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஆயிரக்கணக்கில் காட்டினால் நம்பாதீர்கள். எங்கோ ஒரு கேஷ், எழுதாமலே ‘எழுதிவிட்டேன்’ என்கிறது.

படி 4: ரெய்டு

ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பதுதான் ரெய்டு. இரண்டு டிஸ்க் என்றால் ரெய்டு 1, நான்கு என்றால் ரெய்டு 10; இவை எதையும் இரண்டு டிஸ்க்கில் நகலாக வைக்கும். ரெய்டு 5-இல் இடம் மிச்சம்தான். ஆனால் சின்னதாக ஒன்றை எழுதவே பழைய டேட்டா, பழைய பேரிட்டி (தொலைந்த டேட்டாவை மீட்க உதவும் கணக்கு) இரண்டையும் படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும்: மொத்தம் நான்கு வேலை. ரெய்டு 10-இல் இரண்டு முறை எழுதினால் போதும்.

பிராசஸரில் கோர் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் பகுதிகள்) எண்ணிக்கையோடு, ஒவ்வொன்றும் ஓடும் கிளாக் வேகத்தையும் பாருங்கள், அவ்வளவுதான்.

படி 5: பேக்கப்

ஒரு டேபிளை யாராவது தவறுதலாக அழித்தால் ரெய்டு அதை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும். ஆகவே பேக்கப் தனியாக வேண்டும். அதை கடலூர் கிளையில் வைக்காதீர்கள். இரண்டு ஊரையும் ஒரே புயல் அடிக்கும். திருச்சி, பெங்களூரு என்று உள்ளே தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, முந்தைய நாளின் கடைசி பில் அதில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.