பழைய மடிக்கணினியில் எதை முதலில் மாற்றுவது?

மெதுவாகிவிட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்படுவதற்கு முன், அதன் நோய் எது என்பதை வீட்டிலேயே கண்டறிந்துவிட வேண்டும். வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், மெமரி (ரேம்), சிபியு (பிராசஸர்) ஆகிய மூன்றும் எத்தனை சதவீதம் காட்டுகின்றன என்று பத்து நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டபடி நின்றால் ஹார்டு டிஸ்க்தான் காரணம். மெமரியும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால், ரேமில் இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்கைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். அப்போது இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். இவை இரண்டும் அமைதியாக இருக்க, சிபியு மட்டும் திணறினால் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், ஏனெனில் பெரும்பாலான மடிக்கணினிகளில் பிராசஸர் மதர்போர்டுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

பழைய ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழன்றாலும், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி அதன் முனை அங்குமிங்கும் நகர வேண்டியிருப்பதால்தான் தாமதம் ஏற்படுகிறது. அதற்குப் பதிலாகப் பொருத்தப்படும், சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. மடிக்கணினியில் டிஸ்க்கை இணைக்க வேகம் குறைந்த பழைய சாட்டா 2 இணைப்பு மட்டுமே இருந்தாலும் வேறுபாடு முதல் நாளே தெரியும் என்பதால், ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். 2.5 அங்குல எஸ்எஸ்டிகள் பொதுவாக 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். சிறு அட்டை வடிவில் வரும் எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு இணைப்பு முறைகள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இவற்றில் எதை உங்கள் மதர்போர்டு ஏற்கும் என்பதை மாடல் எண்ணைக் கொண்டு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ரேம் விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். டிடிஆர்3 என்று ரேமின் தலைமுறையை மட்டும் சொல்லி ஒரு கடையில் வாங்கி வந்து மாட்டியபோது, திரை கறுப்பாகவே நின்றது. என் கணினிக்குத் தேவைப்பட்டது 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல். கையில் இருந்ததோ 1.5 வோல்ட் வகை. இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு இந்த எல் வகைதான் வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் அங்கே தவறு நேர வழியில்லை. எனவே பழைய ரேமைக் கழற்றி, சட்டைப் பையில் போடாமல் ஒரு காகித உறையில் வைத்துக் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். தமிழில் கேட்டாலும் பதில் சொல்லும் கடைகள் அங்கு உண்டு. இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்து, சீரியல் எண் எழுதிய பில் தரும் கடையில் வாங்குங்கள். மொத்தச் செலவு, உங்களுடையதைவிடப் பிந்தைய மாடலில், நல்ல நிலையிலுள்ள செகண்ட் ஹேண்ட் மடிக்கணினி ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுமானால் அந்த வேலையில் இறங்காமல் இருப்பதே என் கணக்கு.

பிரிப்பதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளிருக்கும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். திருகுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. எந்த மூலையில் அவிழ்த்தது எது என்று தெரியும்படி இட்லித் தட்டின் குழிகளில் தனித்தனியாகப் போட்டுவைப்பது என் வழக்கம். நீளமான திருகைத் தவறான துளையில் முறுக்கினால் அது மதர்போர்டையே துளைத்துவிடக்கூடும். ரேமைச் சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் 'டிக்' என்று பிடிக்கும் வரை அழுத்துங்கள். மூடியைத் திறந்த கையோடு விசிறித் தூசியையும் தூரிகையால் தட்டிவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் குத்தாமல், நெளிக்காமல் கடைக்காரரிடமே ஒப்படைத்துவிடுங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் வெளி டிஸ்க்காகப் பயன்படும். ஒரு மாதமாவது அதில் இருப்பதை அழிக்காதீர்கள்.

இனி மென்பொருள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அத்தகைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. தமிழ்99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்தே அதை இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா ஆகியவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு எஸ்எஸ்டியில் நிறுவுங்கள்.