சாய்ந்த கோபுரத்தைச் சாய்வு மாறாமல் இரவில் படமெடுக்க

இரவுப் படம் பழக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் நல்ல இடம். 1885-இல் கட்டியது, வெளியே எட்டு அடுக்கு, உள்ளே மூன்றே மாடி. முன்னால் முக்காலி விரிக்கத் தாராளமான இடமும் உண்டு.

முழு இருட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இங்கே பொழுது சாய்வது மாதத்தைப் பொறுத்து 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில். அதிலிருந்து 15 நிமிடம் கழித்து வானம் கருநீலமாகும். கையில் இருப்பது பத்து நிமிடம்தான். அதைத் தவறவிட்டால் கூரையும் வானமும் ஒரே கறுப்பு.

ஏசி காரில் வந்தால் கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். குளிர்ந்த லென்ஸில் நம் ஊர்ப் புழுக்கம் பட்டதும் பனி படரும். துடைத்தாலும் மறுபடி படரும்.

இனி முக்கியமானது. புதியவர்கள் பலர் கோபுரத்தை நிமிர்த்திவிடுகிறார்கள், கடைவீடுகள் சாய்ந்துவிடுகின்றன! திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, பக்கத்துக் கடைத்தூணையோ விளக்குக் கம்பத்தையோ கோட்டோடு ஒட்ட வையுங்கள். கோபுரத்தை அதன் போக்கில் விடுங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்தாலும் எல்லாக் கட்டடமும் உள்நோக்கிச் சாயும், எது உண்மைச் சாய்வு என்றே தெரியாது. ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் மாட்டி, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 40 மீட்டர் தள்ளி நின்றால், மட்டமாக வைத்தபடியே 25 மீட்டர் கோபுரம் முழுதும் அடங்கும். கீழ்ப்பாதி வெறும் தரை, பிறகு வெட்டிவிடலாம். மழை விட்ட மாலையென்றால் வெட்டாதீர்கள், ஈரத்தரையில் இன்னொரு கோபுரம் இருக்கும்.

எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறை, அப்பெர்ச்சர் (லென்ஸ் துவார அளவு) எஃப் 8, ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு). முதலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600-இல் 1 வினாடி எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் சரியென்றால் ஐ.எஸ்.ஓ.-வை 100-க்கு இறக்கி, 16 வினாடி வையுங்கள் (கேமராவில் 15 என்றுதான் இருக்கும்). கணக்கு ஒன்றேதான்: ஐ.எஸ்.ஓ. 16-இல் ஒரு பங்கானால் நேரம் 16 மடங்கு. பிறகு படத்தில் கோபுரத்தின் கடிகார முகப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்கள் வெள்ளையில் கரைந்திருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். இருண்ட இடத்தை ரா கோப்பில் பிறகு தூக்கலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது.

ஃபோகஸையும் அந்த எண்களின் மேலேயே வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். ஷட்டருக்கு 2 வினாடி டைமர். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், காற்றில் ஆடும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். முக்காலியில் அதுவே சில லென்ஸ்களில் படத்தைக் கலங்கடிக்கும். விளக்கைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் லென்ஸின் முன் மாட்டிய யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றுங்கள்.

குறுக்கே நடந்து போகிறவர்கள் 15 வினாடியில் மறைந்துவிடுவார்கள். நின்று செல்ஃபி எடுப்பவர்கள்தான் ஆவி மாதிரி பதிவார்கள்.

நீண்ட நேரப் படத்தில் தோன்றும் புள்ளிகளை நீக்கும் ‘இரைச்சல் குறைப்பு’ வசதி ஓடினால், எடுத்த 15 வினாடிக்குப் பிறகு இன்னொரு 15 வினாடி கேமரா எந்தப் பொத்தானுக்கும் அசையாது. கெட்டுவிட்டதென்று பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள்.